செவ்வாய்க்கிழமை சாயங்காலம்

அன்புள்ள ஐயா,

எனக்கு 24 வயது. இரவு கண்விழித்து இத்தாலிய லீக் பார்ப்பவன், ரோமா ரசிகன். அவர்களுடைய 1983-84 பருவத்தைப் பற்றிப் படித்ததிலிருந்து தூக்கம் போய்விட்டது. ஐரோப்பியக் கோப்பை இறுதி ஆட்டம் சொந்த மைதானத்திலேயே நடக்கிறது. பெனால்டியில் லிவர்பூலிடம் தோற்கிறார்கள். லீக்கிலும் யுவென்டஸுக்கு அடுத்த இடம்தான். ஒரு கோப்பைகூட இல்லாமல் முடிந்த ஆண்டு. அந்தத் தோல்வியைத் தாங்க முடியாமல் கேப்டன் டி பார்டொலொமெய், சரியாகப் பத்து ஆண்டுகள் கழித்து, அதே மே 30 அன்று உயிரை மாய்த்துக்கொண்டார். அன்று அணியின் நட்சத்திரம் ஃபல்காவோ மட்டும் பெனால்டி அடிக்க முன்வந்திருந்தால் என்று நினைக்காத நாள் இல்லை. விதியே எழுதிய காவியம் இது. இதைச் சிறுகதையாக எழுதிக்கொண்டிருக்கிறேன். கேப்டனே பேசுவதுபோலத் தன்மையில் எழுதலாமா, படர்க்கையில் எழுதலாமா?

எஸ்.

அன்புள்ள எஸ்.,

கதை எழுதும் முறை பற்றிய கேள்விகளுக்கு நான் பதில் எழுதுவதில்லை. இரண்டு விதமாகவும் எழுதிப் பார்த்தால் கதையே சொல்லிவிடும். உங்களுக்கு எழுதுவதற்குக் காரணம் வேறு. போன மாதம் ஊரில் பழைய வீட்டை ஒழித்தோம். பரண்மேல் ஒரு சாக்குப்பைக்குள் என் மாமாவின் பூட்ஸ் இருந்தது. நாற்பது வருடத்துக்கு முன் கழற்றிய பூட்ஸ். தோல் வெடித்திருக்கவில்லை. அவர் இறக்கும்வரை யாருக்கும் தெரியாமல் அதற்கு எண்ணெய் போட்டுக்கொண்டே இருந்திருக்கிறார். அன்றிலிருந்து, ஆட்டம் நின்ற பிறகு ஆட்டக்காரன் என்ன ஆகிறான் என்பதையேதான் நினைத்துக்கொண்டிருக்கிறேன். அந்த நேரத்தில் உங்கள் கடிதம் வந்தது.

முதலில் ஒரு திருத்தம். ஒரு கோப்பைகூட இல்லை என்று எழுதியிருக்கிறீர்கள். தவறு. அந்த ஆண்டு இத்தாலியக் கோப்பையை வென்றது ரோமாதான். ஜூன் மாதம், வெரோனாவுக்கு எதிராக இரண்டு ஆட்டங்கள் கொண்ட இறுதி. வெரோனாவில் 1-1, ரோமில் 1-0. ரோமா சட்டையில் டி பார்டொலொமெய் ஆடிய கடைசி ஆட்டம் அதுதான். 'உன்னிடமிருந்து ரோமாவைப் பறித்துவிட்டார்கள், உன் மேடையைப் பறிக்கவில்லை' என்ற பொருள்பட தெற்குப் பக்கத்து ரசிகர்கள் துணியில் எழுதிப் பிடித்தார்கள். மேடை என்று நான் சொல்வது அவர்களுடைய 'கூர்வா', கோலுக்குப் பின்னால் வளைந்து நிற்கும் பார்வையாளர் பகுதி. மே 30 தோல்விக்கு நான்கு வாரம்கூட ஆகவில்லை. அந்தக் கேப்டன் கையில் ஒரு கோப்பையோடு, தன் ஊர்க்காரர்கள் நடுவில் நின்றிருக்கிறார். உங்கள் காவியத்துக்குள் இது அடங்கவில்லை என்பதற்காகவே உங்கள் கண்ணில் படாமல் போயிருக்கிறது. எழுத வருபவன் செய்யக்கூடாத முதல் காரியம் இது, தம்பி. கதைக்கு வசதியில்லாத உண்மையை முதலில் எடுத்து மடியில் வைத்துக்கொள்ள வேண்டும்.

ஃபல்காவோ ஏன் அடிக்கவில்லை என்பது தீராத சண்டை. அவர் அடிக்கவில்லை, அவ்வளவுதான். ரோமில் அதற்கு ஆளுக்கொரு காரணம் சொல்வார்கள், அதில் நான் இறங்கப்போவதில்லை. ரோமாவின் மற்றவர்களில் ப்ரூட்சோ இரண்டாம் பாதியிலேயே மாற்றப்பட்டுவிட்டார். செரெசோ கூடுதல் நேரத்தில் வெளியே போய்விட்டார். மால்டேரா தடையில் இருந்தார், அன்செலோட்டி காயத்தோடு பார்வையாளர் பகுதியில் இருந்தார். மிச்சம் இருந்தவர்கள் அடித்தார்கள். தவறவிட்ட இருவரான கோன்டியும் கிராட்சியானியும் இரண்டு ஆண்டுகளுக்கு முன் உலகக் கோப்பை வென்ற இத்தாலிய அணியில் ஆடியவர்கள். கேப்டனைத் தவிர உள்ளே போட்டது 21 வயது ரிகெட்டி. பெனால்டி அப்படித்தான். கோல் கோட்டில் நின்று கால்களைத் தொளதொளவென்று ஆட்டிக்காட்டிய லிவர்பூல் கோல்கீப்பர் குரோபெலாரைப் பற்றி வேண்டிய அளவு எழுதியாகிவிட்டது.

அரையிறுதியைப் பற்றி நீங்கள் ஒரு வார்த்தை சொல்லவில்லை. டண்டீ யுனைடெட்டிடம் ஸ்காட்லாந்தில் 0-2 என்று தோற்று, ரோமில் 3-0 என்று திருப்பிய ஆட்டம். நடுவருக்கென்று ரோமா தலைவர் டினோ வியோலா 10 கோடி லிரா கொடுத்ததும், அது இடைத்தரகர்கள் கைக்குப் போனதும் பிறகு வெளியே வந்தது. ஐரோப்பிய கால்பந்துக் கூட்டமைப்பு அவரைத் தடை செய்தது. ரசிகராக இருங்கள், அதோடு இதையும் தெரிந்துவைத்திருங்கள்.

சரி, விஷயத்துக்கு வருகிறேன். உங்கள் கடிதத்தில் எனக்குக் கோபம் வந்த இடம் 'அந்தத் தோல்வியைத் தாங்க முடியாமல்' என்ற நான்கு சொற்கள்தான்.

யார் சொன்னது? தேதி சொன்னது. 1984 மே 30, 1994 மே 30. இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்தால் ஒரு கோடு தெரிகிறது. அந்தக் கோடு எவ்வளவு அழகாக இருக்கிறது பாருங்கள்! அதன் அழகுதான் உங்களை ஏமாற்றுகிறது. அந்தத் தேதி அவர் மனதில் இருந்திருக்கலாம். நான் மறுக்கவில்லை. ஆனால் ஒரு மனிதன் ஏன் போனான் என்பதற்கு ஒற்றைக் காரணம் சொல்கிறவர்களை நான் நம்புவதில்லை. அந்தக் காரணம் ஒரு கால்பந்து ஆட்டம் என்றால் அறவே நம்புவதில்லை.

அன்று நடந்ததைப் பாருங்கள். 120 நிமிடம் முடிந்து 1-1. லிவர்பூலின் முதல் பெனால்டியை நிக்கல் மேலே அடித்துவிட்டார். அடுத்து வந்தவர் டி பார்டொலொமெய். முதல் ஆளாக அவர்தான் வந்தார். தூரத்திலிருந்து ஓடிவந்து அடிக்கிற பழக்கம் அவருக்கு எப்போதுமே குறைவு, கிட்டத்தட்ட நின்ற இடத்திலிருந்தே பந்தைப் பிளப்பார். அடித்தார், கோல். அந்தச் சில நிமிடங்களுக்கு ரோமா ஐரோப்பியக் கோப்பையில் முன்னிலையில் இருந்தது. அவர் தவறவிடவில்லை, ஒதுங்கி நிற்கவுமில்லை. ஒரு கேப்டன் அந்த இரவில் என்ன செய்ய வேண்டுமோ அதைச் செய்து முடித்துவிட்டுத்தான் நடுவட்டத்துக்குத் திரும்பி நடந்தார். தோற்ற குற்றத்தைச் சுமந்தவராக அவரை எழுதுவது அவருக்குச் செய்கிற அநியாயம்.

இப்போது நீங்கள் தாண்டிப்போன அந்தப் பத்து ஆண்டுகள். உங்கள் கடிதத்தில் அவை மூன்று சொற்கள். 'பத்து ஆண்டுகள் கழித்து.' எஸ்., கதை முழுக்க அங்கேதான் இருக்கிறது.

ரோமில் பிறந்து, ரோமாவின் இளைஞர் அணியில் வளர்ந்து, 41 ஆண்டுகளுக்குப் பிறகு 1983இல் லீக்கை வென்ற அணிக்குத் தலைமை தாங்கியவர். நடுக்களத்தில் ஆடிக்கொண்டிருந்தவரைப் பயிற்சியாளர் லீட்ஹோல்ம் தடுப்பு வரிசைக்கு இழுத்து, பின்னாலிருந்து ஆட்டத்தைக் கட்டவைத்தார். வேகம் குறைவு என்பார்கள். ஓட வேண்டியது பந்துதான் என்று நம்பிய பயிற்சியாளருக்கு அது ஒரு குறையாகவே இல்லை. 1984 கோடையில் லீட்ஹோல்ம் மிலானுக்குப் போனார், ரோமாவுக்கு எரிக்சன் வந்தார், வேகமான ஆட்டம் வந்தது. 29 வயதுக் கேப்டனுக்கு அங்கே இடமில்லை. லீட்ஹோல்மின் பின்னால் அவரும் மிலானுக்குப் போனார். அந்த அக்டோபரில் ரோமாவுக்கு எதிராகவே ஒரு கோல் போட்டு, வெறி பிடித்தவர்போலக் கொண்டாடினார். ரோமில் பலருக்கு அது ஆறவில்லை. எனக்கு அந்தக் கோல் பிடிக்கும். வாய் திறக்காதவர் என்று பேர் வாங்கிய ஒரு மனிதன் வாய் திறந்த இடம் அது. பிறகு செசேனா, பிறகு மூன்றாம் பிரிவில் சலெர்னிட்டானா. இருபது ஆண்டுகளுக்கு மேல் கீழேயே கிடந்த அந்த அணி 1990இல் இரண்டாம் பிரிவுக்கு ஏறியது. அதோடு ஆட்டத்தை நிறுத்தினார். 35 வயது. இத்தாலிய தேசிய அணிக்கு ஒரு ஆட்டம்கூட ஆடாதவர்.

அதன் பிறகு சலெர்னோ பக்கத்துக் கடற்கரை ஊரான கஸ்டெல்லாபாத்தேயில் வாழ்ந்தார். பையன்களுக்கு ஒரு கால்பந்துப் பள்ளி தொடங்கினார். ரோமாவிலிருந்து எந்தப் பொறுப்புக்கும் அழைப்பு வரவில்லை. அவர் எழுதி வைத்துவிட்டுப் போன குறிப்பில், கேட்ட கடன் கிடைக்காமல் போனதும் ஒரு குழிக்குள் அடைபட்டதுபோன்ற உணர்வும் இருந்ததாக இத்தாலியப் பத்திரிகைகள் எழுதின. அப்போது அவருக்கு 39 வயது. ரோமா தன் புகழ் மண்டபத்தில் அவர் பெயரைச் சேர்த்தது 2012இல்.

கடன், அழைப்பு, அடைபட்ட உணர்வு. இவற்றில் எதுவும் உங்கள் தேதியைப்போல மின்னுவதில்லை. அதனால்தான் யாரும் எழுதுவதில்லை. ஒரு பெரிய தோல்வி ஒரு பெரிய மனிதனைக் கொன்றது என்றால் நமக்கெல்லாம் நிம்மதி. அது அவனுக்கும் விதிக்கும் இடையில் நடந்த விவகாரம் என்று விட்டுவிடலாம். யாரோ ஒருவர் தொலைபேசியை எடுத்து ஒரு எண்ணைச் சுழற்றியிருந்தால் போதும் என்பதை ஏற்றுக்கொள்ளத்தான் கஷ்டமாக இருக்கிறது. அப்படி அழைத்திருந்தால் அவர் பிழைத்திருப்பார் என்று நான் சொல்லவில்லை. அது எனக்கும் தெரியாது, உங்களுக்கும் தெரியாது. அழைத்திருக்க வேண்டும் என்றுதான் சொல்கிறேன்.

மாமா எங்கள் ஊர் மில் அணியில் ஹாஃப் பேக். ஆட்டத்துக்காகவே வேலைக்கு எடுக்கப்பட்டவர். செவ்வாய், வியாழன், சனி மாலை பயிற்சி. ஒரு மாவட்ட இறுதி ஆட்டத்தில் கடைசி நிமிடம் அவர் காலில் பட்டுத் திரும்பிய பந்து சொந்த கோலுக்குள் போய்விட்டது. ஊரே அதைச் சொல்லும். கொஞ்ச காலம் கழித்து முழங்கால் போயிற்று. நிர்வாகம் அவரை ஆபீஸில் ஒரு மேசைக்கு மாற்றியது. பையன்களுக்குச் சொல்லிக்கொடுக்கிறேன், பந்தும் வலையும் மட்டும் கொடுங்கள் என்று மூன்று முறை எழுதிக்கொடுத்தார். பதில் இல்லை. அதன் பிறகு ஒவ்வொரு மாலையும் நாலரை மணிக்குக் குளித்துவிட்டு, தலைவாரி, திண்ணையில் வந்து உட்காருவார். மைதானம் இரண்டு தெரு தள்ளி. பந்தை உதைக்கும் சத்தம் மட்டும் கேட்கும். சத்தத்தை வைத்தே, 'இது இடது கால். இவன் பந்துக்கு அடியில கொடுக்கறான், மேலதான் போகும்' என்பார், யாரிடமும் இல்லாமல்.

எனக்குப் பதினைந்து வயது இருக்கும். உங்களைப்போலவே எனக்கும் ஒரு காவியம் கிடைத்துவிட்டதாக நினைப்பு. மாமாவின் மௌனத்துக்கெல்லாம் அந்தச் சொந்த கோல்தான் காரணம் என்று முடிவு கட்டியிருந்தேன். ஒருநாள் பக்கத்தில் உட்கார்ந்து கேட்டேவிட்டேன்.

"அந்த ஃபைனல்ல தோத்தது இன்னும் வலிக்குதா மாமா?"

அவர் என்னைப் பார்த்த பார்வை இப்போதும் நினைவிருக்கிறது. கோபமில்லை, ஏதோ வேறு பாஷையில் நான் பேசிவிட்டதுபோல ஒரு பார்வை.

"அது மறுநாளே போயிடுச்சுடா. செவ்வாய்க்கிழமை சாயங்காலம் என்ன பண்றதுன்னுதான் இன்னும் தெரியல."

நான் அதற்குப் பதில் சொல்லவில்லை. எழுந்து விளையாடப் போய்விட்டேன். அவர் இருந்தவரை, வந்து எங்களுக்குச் சொல்லிக்கொடுங்கள் மாமா என்று ஒரு முறைகூட அவரைக் கூப்பிடவில்லை. நாங்கள் பதினெட்டுப் பேர் அந்த மைதானத்தில் ஆடிக்கொண்டிருந்தோம். மில்லுக்குப் பதில் எழுதத் தோன்றவில்லை என்று இத்தனை வருடம் மனதுக்குள் திட்டிக்கொண்டிருந்த எனக்கு, பரண்மேல் அந்தப் பூட்ஸைப் பார்த்த அன்றுதான் நாங்களும் கூப்பிடவில்லை என்பது உறைத்தது.

உங்களுடைய ரசிக மனதை நான் குறைத்துச் சொல்லவில்லை. நாற்பது ஆண்டுகளுக்கு முந்தைய ஓர் ஆட்டத்துக்காகத் தூக்கம் கெடுகிற ஒருவர் நல்ல கதை எழுதுவார் என்றே நினைக்கிறேன். அந்த இறுதி ஆட்டத்தை ஒரு பத்தியில் முடித்துவிடுங்கள், அல்லது எழுதவே எழுதாதீர்கள். 1991, 92, 93 என்று ஏதாவது ஒரு வருடத்தின் சாதாரண வாரநாளை எடுத்துக்கொள்ளுங்கள். கடற்கரை ஊர், மதியம் சாய்ந்துவிட்டது, பையன்கள் இன்னும் வரவில்லை. அவர் பந்துகளை எண்ணிக்கொண்டிருக்கிறார். அங்கேயே நில்லுங்கள், அவசரப்படாதீர்கள்.

தன்மையா படர்க்கையா என்று கேட்டிருந்தீர்கள். படர்க்கை. அவர் குரலை எடுத்துப் பேச உங்களுக்கும் உரிமையில்லை, எனக்கும் இல்லை. எழுதி முடித்ததும் அனுப்புங்கள், கட்டாயம் படிக்கிறேன். ஆனால் அதில் எங்கேயும் மே 30 வரக்கூடாது.