கேள்வி உங்களுடையது: ஒட்டுக்கேட்கும் ஆட்சியும் ஒழுகும் ரகசியமும்

(அமெரிக்க அரசியல் பற்றி இந்த முறை நிறைய கடிதங்கள். பாதிக்கு மேல் ஒரே விஷயத்தைச் சுற்றி வந்ததால், இந்த வாரம் அதற்கே ஒதுக்கிவிட்டேன்.)

கேள்வி: நாங்கள் நியூஜெர்ஸியில் இருக்கிறோம். என் மைத்துனர் குடியரசுக் கட்சிக்காரர், நான் ஜனநாயகக் கட்சி. “உங்க ஆள்தான் நாட்டையே ஒட்டுக்கேட்டார்” என்பார் அவர். “ஆரம்பிச்சு வெச்சதே உங்க ஆள்” என்பேன் நான். யார் சொல்வது சரி?

பதில்: இருவர் சொல்வதும் சரி. ஆரம்பித்தது உங்கள் மைத்துனரின் புஷ், தொடர்ந்தது உங்கள் ஒபாமா. அதனால்தான் சண்டை ஓயவில்லை.

2005 டிசம்பரில் நியூயார்க் டைம்ஸ் ஒரு செய்தி போட்டது. நீதிமன்ற வாரண்ட் இல்லாமலேயே, அமெரிக்காவுக்கும் வெளிநாட்டுக்கும் இடையிலான தொலைபேசிப் பேச்சுகளைக் கேட்க ஜார்ஜ் புஷ் அனுமதி கொடுத்திருக்கிறார் என்று. அரசு கேட்டுக்கொண்டதற்காக ஏறக்குறைய ஒரு வருடம் அந்தச் செய்தியைக் கையிலேயே வைத்திருந்தார்கள். செய்தி மேசையில் பாதி ஆயுளைக் கழித்தவன் நான். புஷ் மீது வரும் கோபத்தைவிட அந்த ஒரு வருடத்தின் மீதுதான் எனக்குக் கோபம் அதிகம். சரி, அதை விடுங்கள். செய்தி வந்ததும், போர்க்காலத்தில் இதை வெளியே சொன்னது வெட்கக்கேடு என்றார் புஷ். ஜனநாயகக் கட்சியினர் அரசியல் சட்டமே போச்சு என்று கொதித்தார்கள்.

2008 ஜூலையில் அந்த ஒட்டுக்கேட்புக்குச் சட்டத்திலேயே இடம் கொடுத்து, உடந்தையாக இருந்த தொலைபேசி நிறுவனங்களை வழக்குகளிலிருந்து காப்பாற்றும் மசோதா செனட்டுக்கு வந்தது. அப்படி ஒன்று வந்தால் முட்டுக்கட்டை போடுவேன் என்று முன்பு சொல்லியிருந்த ஒபாமா, ஆதரித்து ஓட்டுப் போட்டார். ஹிலாரி எதிர்த்தார். ஒபாமா அப்போது ஜனாதிபதி ஆகப்போகிற வேட்பாளர். நாளைக்குத் தன் கைக்கு வரப்போகிற சாவியை யார் தூக்கி எறிவார்கள்?

அப்புறம் 2013 ஜூன். அமெரிக்க உளவு அமைப்புக்காக வேலை பார்த்த ஸ்னோடன் கொடுத்த ஆவணங்களில் முதலில் வெளியானது வெரைசான் தொலைபேசி நிறுவனத்துக்கு, உளவு அனுமதிகளை மூடிய கதவுக்குள் வழங்கும் ரகசிய நீதிமன்றம் போட்டிருந்த உத்தரவு. வாடிக்கையாளர்கள் யார் யாரை எப்போது, எவ்வளவு நேரம் அழைத்தார்கள் என்ற விவரத்தைத் தினமும் அரசிடம் ஒப்படைக்க வேண்டும். இப்போது ஆட்சி ஒபாமாவுடையது. உங்கள் வீட்டுச் சண்டைக்கு விடை இங்கேதான் இருக்கிறது. பியூ ஆய்வு மையம் இரண்டு முறை மக்களைக் கேட்டது: பயங்கரவாதத்தைத் தடுக்க அரசு இப்படிக் கண்காணிப்பது ஏற்கத்தக்கதா? புஷ் காலத்தில், 2006 ஜனவரியில், ஏற்கலாம் என்ற குடியரசுக் கட்சியினர் 75 சதவீதம். ஜனநாயகக் கட்சியினர் 37. ஒபாமா காலத்தில், 2013 ஜூனில், குடியரசுக் கட்சியினர் 52 ஆக இறங்கினார்கள். ஜனநாயகக் கட்சியினர் 64 ஆக ஏறினார்கள். இரண்டு முறையும் கேள்வியின் வாசகம் அச்சு அசல் ஒன்றல்ல. ஆனாலும் மாறியது யார் வீட்டில் அதிகாரம் என்பது மட்டும்தான் என்று எனக்குப் படுகிறது.

மைத்துனரை வேறு மாதிரி மடக்குங்கள். 2006-ல் அவர் என்ன சொன்னார் என்று கேளுங்கள். அவர் உங்களிடம் 2013 பற்றிக் கேட்பார், தயாராக இருங்கள்.

கேள்வி: தலைவர்களும் அப்படியேதான் கட்சி வாரியாகப் பிரிந்து நின்றார்களா?

பதில்: இல்லை, அங்கேதான் வேடிக்கை. 2013 ஜூலை 24 அன்று, அழைப்பு விவரங்களை இப்படி மொத்தமாகச் சேகரிப்பதற்குப் பணம் கிடைக்காமல் செய்யும் திருத்தம் ஒன்று பிரதிநிதிகள் சபையில் வந்தது. கொண்டுவந்தவர்கள் குடியரசுக் கட்சியின் ஜஸ்டின் அமாஷ், ஜனநாயகக் கட்சியின் ஜான் கோன்யர்ஸ். 205க்கு 217 என்று தோற்றது. ஆதரித்தவர்களில் 94 பேர் குடியரசுக் கட்சி, 111 பேர் ஜனநாயகக் கட்சி. எதிர்த்தவர்களில் குடியரசுக் கட்சியின் சபாநாயகர் போனரும் இருந்தார், ஜனநாயகக் கட்சித் தலைவர் பெலோசியும் இருந்தார். வேறு எந்த விஷயத்திலும் ஒத்துப்போகாத இருவர். பின்வரிசை ஒரு பக்கம், முன்வரிசை ஒரு பக்கம் என்று சபை பிளந்தது அன்றைக்கு.

கேள்வி: எண்களைத்தானே எடுத்தார்கள்? பேச்சைக் கேட்கவில்லையே? இதற்கா இவ்வளவு ஆர்ப்பாட்டம்?

பதில்: நிருபரிடம் கேட்டுப் பாருங்கள். 2012 மே மாதம் அசோசியேட்டட் பிரஸ் செய்தி நிறுவனம் ஏமன் தொடர்பான ஒரு செய்தி வெளியிட்டது. விமானத்தைத் தகர்க்கும் சதியை சி.ஐ.ஏ. முறியடித்த கதை. செய்தியை யார் கொடுத்தது என்று கண்டுபிடிக்க, அந்தச் செய்தி நிறுவனத்தின் 20க்கும் மேற்பட்ட தொலைபேசி இணைப்புகளில் இரண்டு மாத அழைப்பு விவரங்களை அரசின் நீதித்துறை (நீதிமன்றம் அல்ல, வழக்குப் போடும் அமைச்சகம்) அவர்களுக்கே தெரியாமல் எடுத்தது. அடுத்த ஆண்டு மே மாதம்தான் தெரிவித்தார்கள். ஒரு சொல்லைக்கூட யாரும் கேட்கவில்லை, வாஸ்தவம். கேட்க வேண்டிய அவசியமே இல்லை. செய்தி வருவதற்கு முதல் நாள் இரவு பத்து மணிக்கு அரசு ஊழியர் ஒருவரின் எண்ணோடு நிருபர் பன்னிரண்டு நிமிடம் பேசியிருந்தால், என்ன பேசினார்கள் என்பது யாருக்கு வேண்டும்? அந்த ஊழியரின் வேலை காலி. இன்னும் மோசம், அன்றைக்குத் தேதியில் அந்த அலுவலகத்தை அழைத்த சம்பந்தமில்லாத நூறு பேரின் எண்ணும் கோப்பில் ஏறிவிடும். அவர்கள் யாரும் அடுத்த முறை பத்திரிகைக்குப் போன் செய்ய மாட்டார்கள்.

அதே மாதம் இன்னொன்றும் வெளியே வந்தது. வட கொரியா பற்றிய கசிவு விசாரணையில் ஃபாக்ஸ் நியூஸ் நிருபர் ஜேம்ஸ் ரோசனின் மின்னஞ்சலைத் தேட வாரண்ட் வாங்கும்போது, அவரைக் குற்றத்துக்கு உடந்தை என்று மனுவில் எழுதியிருந்தார்கள். குடியரசுக் கட்சிப் பக்கம் சாய்ந்த ஃபாக்ஸ் நியூஸுக்காகப் பத்திரிகைச் சுதந்திரம் பேச வேண்டி வந்ததில் சில தாராளவாத நண்பர்களுக்கு ஏற்பட்ட சங்கடம் பார்க்கத் தக்கது.

கேள்வி: அரசு ரகசியத்தைக் கசியவிடுவது துரோகம் இல்லையா? அதை எப்படி நியாயப்படுத்துகிறீர்கள்?

பதில்: எல்லாக் கசிவையும் நான் நியாயப்படுத்தவில்லை. யார் கசியவிட்டால் சிறை, யார் கசியவிட்டால் சிரிப்பு என்பதைத்தான் கவனிக்கச் சொல்கிறேன்.

வழக்குகள் பெரும்பாலும் 1917-ஆம் ஆண்டு உளவுச் சட்டத்தின் கீழ் வருகின்றன. முதல் உலகப் போருக்காக எழுதிய சட்டம். பொது நன்மைக்காகச் சொன்னேன் என்பது அங்கே வாதமாகவே எடுபடாது. ஒபாமா ஆட்சி, அதற்கு முன் இருந்த எல்லா ஆட்சிகளும் சேர்ந்து போட்டதைவிட அதிகமான கசிவு வழக்குகளை இதன் கீழ் போட்டது. முன்னாள் சி.ஐ.ஏ. அதிகாரி ஜெஃப்ரி ஸ்டெர்லிங்குக்கு 2015-ல் மூன்றரை வருடச் சிறை. அதே 2015-ல், அதே சி.ஐ.ஏ.வின் தலைவராக இருந்த ஜெனரல் பெட்ரேயஸ், மிக ரகசியக் குறிப்புகள் நிறைந்த நோட்டுப் புத்தகங்களைத் தன் வாழ்க்கை வரலாற்றை எழுதியவரிடம் கொடுத்ததை ஒப்புக்கொண்டார். அவருக்கு இரண்டு ஆண்டு கண்காணிப்பும் ஒரு லட்சம் டாலர் அபராதமும். சிறை இல்லை.

இதற்கும் முந்தைய கதை ஒன்று. 2003-ல் வேலரி பிளேம் என்ற சி.ஐ.ஏ. அதிகாரியின் பெயர் வெளியே வந்தது. ஈராக் போருக்கு புஷ் அரசு சொன்ன காரணத்தைக் கேள்வி கேட்டவர் அவர் கணவர். அரசின் மேல்மட்டத்து ஆட்களே நிருபர்களிடம் சொல்லியிருந்தார்கள். அப்போது, கசியவிட்டவனைப் பிடி என்று முழங்கியது ஜனநாயகக் கட்சி. தகவல் தந்தவர் பெயரைச் சொல்ல மறுத்த நிருபர் ஜூடித் மில்லர் 85 நாள் சிறையில் இருந்தார். கசிவுக்காக ஒருவர் மீதும் வழக்கில்லை. துணை ஜனாதிபதியின் தலைமை அலுவலர் லிபி, விசாரணையில் பொய் சொன்னதற்காகத் தண்டிக்கப்பட்டார். சிறைத் தண்டனையை புஷ் ரத்து செய்தார், 2018-ல் டிரம்ப் மன்னிப்பே கொடுத்தார். மில்லர் சிறையிலிருந்து வந்த சில மாதங்களில் ஒட்டுக்கேட்புச் செய்தி வெளியானது. உடனே அதே கட்சிக்குக் கசிவு தேசபக்தி ஆகிவிட்டது.

கேள்வி: டிரம்ப் தன்னை ஒட்டுக்கேட்டார்கள் என்றது கற்பனைதானே?

பதில்: தன் கட்டடத்தில் ஒபாமா ஒட்டுக்கேட்டார் என்று அவர் சொன்னதற்கு ஆதாரம் இல்லை. ஆனால் அவருடைய பிரசாரக் குழுவில் ஆலோசகராக இருந்த கார்ட்டர் பேஜைக் கண்காணிக்க எஃப்.பி.ஐ. ரகசிய நீதிமன்றத்தில் கொடுத்த மனுக்களில் 17 பெரிய பிழைகளும் விடுபடல்களும் இருந்ததாக நீதித்துறையின் தலைமை ஆய்வாளர் 2019 டிசம்பரில் அறிக்கை கொடுத்தார். ஒரு மின்னஞ்சலைத் திருத்திய எஃப்.பி.ஐ. வழக்கறிஞர் குற்றத்தை ஒப்புக்கொண்டார். இதைச் சொன்னால் ஜனநாயகக் கட்சி வாசகர்கள் கடிதம் போடுவார்கள், தெரியும். போடுங்கள்.

கேள்வி: நிருபரைக் காப்பாற்ற அங்கே சட்டமே கிடையாதா?

பதில்: மத்தியில் கிடையாது. பல மாநிலங்களில் உண்டு. மத்தியில் இருப்பது நீதித்துறையின் உள்விதி. ஆள் மாறினால் விதி மாறும். டிரம்பின் முதல் ஆட்சியில் வாஷிங்டன் போஸ்ட், நியூயார்க் டைம்ஸ், சி.என்.என். நிருபர்களின் விவரங்களை எடுத்தது 2021-ல் தெரியவந்ததும், நீதித்துறையின் தலைவரான அட்டர்னி ஜெனரல் கார்லண்ட் அதற்குத் தடை போட்டார். 2025 ஏப்ரலில் டிரம்பின் இரண்டாம் ஆட்சியின் அட்டர்னி ஜெனரல் பாம் பாண்டி அந்தப் பாதுகாப்பை எடுத்துவிட்டார். நிலையான சட்டம் வர வழி இருந்தது. 2024 ஜனவரியில் பிரதிநிதிகள் சபை அப்படியொரு மசோதாவை எதிர்ப்பே இல்லாமல் நிறைவேற்றியது. நவம்பரில் டிரம்ப், இதைக் கொன்றுவிடுங்கள் என்று தன் கட்சிக்கு எழுதினார். டிசம்பரில் செனட்டில் ஒருமனதாக நிறைவேற்றப் பார்த்தபோது குடியரசுக் கட்சியின் டாம் காட்டன் மறுத்தார், முடிந்தது. கைக்கு எட்டியது வாய்க்கு எட்டவில்லை.

கேள்வி: வாட்டர்கேட்டில் ரகசியம் சொன்ன மார்க் ஃபெல்ட் உங்கள் பார்வையில் ஹீரோவா?

பதில்: எஃப்.பி.ஐ.யின் இரண்டாவது இடத்தில் இருந்தவர், நிக்சனைப் பதவி விலக வைத்த வாட்டர்கேட் விவகாரத்தின் குட்டுகளைப் பத்திரிகைக்குச் சொன்னவர். தான்தான் அந்த ஆள் என்று 2005-ல் வெளியே வந்தார். ஆனால் 1980-ல் அவர் குற்றவாளியாகத் தீர்ப்பிடப்பட்டது வேறு விஷயத்துக்கு: தீவிர இடதுசாரிகளின் உறவினர், நண்பர்கள் வீடுகளில் வாரண்ட் இல்லாமல் நுழைந்து தேட உத்தரவிட்டதற்கு. அந்த வழக்கில் அவருக்குச் சாதகமாகச் சாட்சி சொன்னவர் யார் தெரியுமா? நிக்சன். 1981-ல் ரீகன் மன்னித்தார். ஹீரோவா வில்லனா என்று நான் எழுதி, ஆசிரியர் அதற்கு ஒரு தலைப்பு வைப்பதற்குள் எனக்கே குழப்பம் வந்துவிடும்.

கேள்வி: கடைசியாக, உங்களுக்கு அங்கே எந்தக் கட்சி?

பதில்: எனக்கு அங்கே ஓட்டே இல்லை. இருந்தால் ஒன்று செய்திருப்பேன். 2024 ஏப்ரல் 12 அன்று, வெளிநாட்டு உளவுக்காகச் சேகரித்த குவியலில் அமெரிக்கர்களின் பேச்சைத் தேட வாரண்ட் வேண்டும் என்ற திருத்தம் பிரதிநிதிகள் சபையில் 212க்கு 212 என்று சமநிலையில் நின்று தோற்றது. ஒரே ஒரு ஓட்டு. இரண்டு கட்சிக்காரர்களும் இரண்டு பக்கமும் இருந்தார்கள். என் தொகுதி ஆள் எந்தப் பொத்தானை அழுத்தினார் என்று அந்தப் பட்டியலைப் பார்த்துவிட்டுத்தான் அவருக்கு ஓட்டுப் போட்டிருப்பேன். நியூஜெர்ஸி நண்பரும் மைத்துனரும் உங்கள் ஆளைப் பார்த்துவிட்டு எழுதுங்கள்.