சிங்கப்பூர்த் தேசியக் காற்பந்து அணிக்காக ஒருவர் 140 ஆட்டங்களுக்கு மேல் ஆடியது எப்படி?

ஒரு நாட்டின் முதன்மை அணிக்காக, இன்னொரு நாட்டின் முதன்மை அணியை எதிர்த்து ஆடுபவை மட்டுமே அனைத்துலக ஆட்டக் கணக்கில் சேரும். கடைசி நிமிடத்தில் மாற்று ஆட்டக்காரராக இறங்கினாலும் அது ஓர் ஆட்டமே. சிங்கப்பூரில் இக்கணக்கில் முதலிடம் வகிப்பவர், இங்கிலாந்தில் பிறந்து, இரண்டு வயதில் இங்கு வந்து, 2002இல் குடியுரிமை பெற்ற தற்காப்பு ஆட்டக்காரர் டேனியல் பென்னட்.

தேசிய அணிக்கு ஆண்டுக்குச் சுமார் பத்து ஆட்டங்களே அமைவதால், எத்தனை திறமை இருந்தாலும் இந்த எண்ணிக்கையை விரைந்து எட்ட இயலாது. தைப்பூசத்துக்குப் பதினைந்து முறை காவடி எடுத்தவர், பதினைந்து ஆண்டுகள் உடலைப் பேணியவராகத்தானே இருக்க முடியும்! 2004, 2007, 2012 தென்கிழக்காசிய வெற்றியாளர் போட்டிகளில் கிண்ணம் வென்ற மூன்று அணிகளிலும் பென்னட் இருந்தார். கடைசி வெற்றியின்போது அவருக்கு வயது 34 என்பதே எனக்குப் பெரும் வியப்பு.

அதிக ஆட்டங்கள் ஆடியவரே அதிக கோல்களும் போட்டிருப்பார் என்று பலர் எண்ணுவதுண்டு. அந்தச் சாதனையோ 55 கோல்கள் போட்ட ஃபாண்டி அகமதுவுடையது.