கருப்புச் சதுரங்கள்: கடிதம், பதில்

வணக்கம்.

நான் ஐந்து வருடமாக விஸ்கான்சினில், மேடிசன் நகரில் இருக்கிறேன். போன மாதம் ஒரு பழம்பொருள் கடையில் வெர்னன் கவுண்டியின் பழைய டோப்போ ஷீட் ஒன்றை, அதாவது நிலத்தின் மேடுபள்ளம் காட்டும் வரைபடத் தாளை, வாங்கினேன். அதில் லா ஃபார்ஜ் என்ற சிற்றூருக்கு வடக்கே, கிக்கப்பூ ஆற்றை ஒட்டி, நிறையக் கருப்புச் சதுரங்கள் இருந்தன. வீடுகள் என்றார் கடைக்காரர். காரை எடுத்துக்கொண்டு போய்ப் பார்த்தேன். ஒரு வீடுகூட இல்லை, எல்லாம் காடு. வரைபடம் தப்பா? சரியாகவே இருந்தாலும், யார் வீடு என்று ஒரு பெயர்கூட இல்லாத தாளை வைத்துக்கொண்டு என்ன வரலாற்றைப் படிப்பது?

க.

அன்புள்ள க.,

வரைபடம் தப்பில்லை. அந்த வீடுகள் அங்கே இருந்தன.

1935இல் கிக்கப்பூவில் பெருவெள்ளம் வந்தது. அதற்குப் பிறகு, அணை கட்டித் தாருங்கள் என்று பள்ளத்தாக்கு மக்களே கேட்டார்கள். 1962இல் அமெரிக்க நாடாளுமன்றம் ஒப்புதல் கொடுத்தது. ராணுவப் பொறியாளர் பிரிவு நிலங்களை வாங்கியது. ஏறக்குறைய 140 குடும்பங்கள் பண்ணைகளைக் காலி செய்துவிட்டுப் போயின. 1971இல் தொடங்கிய வேலை 1975இல் நின்றது. செலவு ஏறிக்கொண்டே போயிற்று, தேங்கும் தண்ணீர் கெட்டுப்போகும் என்ற கவலையும் சேர்ந்துகொண்டது. அணை முடியவே இல்லை. ஏரிக்காக எழுப்பிய கான்கிரீட் கோபுரம் மட்டும் இன்னும் நிற்கிறது. நான் ஒருமுறை அதன் அடியில் நின்றிருக்கிறேன். ஒரு சொட்டுத் தண்ணீரைத் தேக்காத கோபுரம் அது. ஆறு தன்பாட்டுக்குப் பக்கத்தில் வளைந்து போய்க்கொண்டிருந்தது. அன்று இரவு எனக்குச் சரியாகத் தூக்கம் வரவில்லை.

சரி, தாளுக்கு வருவோம். நீங்கள் அனுப்பிய படத்தில் அளவுகோல் 1:62,500 என்று இருக்கிறது. தாளில் ஓர் அங்குலம் என்றால் தரையில் ஏறக்குறைய ஒரு மைல். அதனால்தான் சிவப்புக் கோட்டுக் கட்டங்கள் ஒவ்வொன்றும் அங்குல அகலம் இருக்கின்றன. அரசு நிலத்தை அளந்து விற்பதற்காக 1785ஆம் ஆண்டுச் சட்டம் போட்ட கட்டங்கள் அவை. ஆறு மைலுக்கு ஆறு மைல் ஒரு டவுன்ஷிப், அதற்குள் 36 செக்‌ஷன், ஒவ்வொன்றும் 640 ஏக்கர். எண்களைப் பின்தொடர்ந்து பாருங்கள். வலது மேல் மூலையில் 1 தொடங்கி இடது பக்கம் போகும், 6 வந்ததும் கீழே இறங்கி வலது பக்கம் திரும்பும், ஏர் ஓட்டுகிறவர் வரப்பில் மாட்டைத் திருப்புவது மாதிரி. 16ஆம் செக்‌ஷன் பள்ளிக்கூடத்துக்கு என்று ஒதுக்கியது.

பக்கத்து மாநிலமான அயோவாவின் சமவெளியில் சாலைகள் இந்தக் கட்டத்தின் மேலேயே நூல் பிடித்தாற்போல் ஓடும். வெர்னன் கவுண்டி அப்படியில்லை. பனியாறுகள் மட்டம் தட்டாமல் விட்டுப்போன நிலம் அது. பழுப்புநிறச் சம உயரக் கோடுகள் நெருங்கி நெருங்கிச் சுருள்கின்றன, சாலைகள் மேட்டு முதுகிலும் பள்ளத்து அடியிலும் வளைகின்றன, சிவப்புக் கட்டம் எதையும் பொருட்படுத்தாமல் நேராகக் கிடக்கிறது. மலைக்கும் சட்டத்துக்கும் நடந்த இழுபறியை இவ்வளவு தெளிவாக நான் வேறெங்கும் பார்த்ததில்லை.

இப்போது உங்கள் சதுரங்கள். உள்ளே நிரப்பியிருந்தால் வீடு. வெறும் கோடாக இருந்தால் தொழுவமோ களஞ்சியமோ. மேலே சின்னக் கொடி இருந்தால் பள்ளிக்கூடம், சிலுவை இருந்தால் தேவாலயம். அந்தக் காலத்தில் விமானப் படங்களை ஜோடி ஜோடியாக வைத்து, நிலம் மேடுபள்ளமாக எழுந்து தெரியும்படி கருவியில் பார்த்து, கோடுகளை வரைந்தார்கள். அப்புறம் ஆட்கள் தாளோடு ஊருக்குள் போய்ச் சரிபார்த்தார்கள். ஓடைக்கு ஊர்க்காரர்கள் என்ன பெயர் சொல்கிறார்கள், மரத்தடியில் மறைந்திருப்பது வீடா கொட்டகையா என்பதையெல்லாம் நேரில்தான் தெரிந்துகொள்ள முடியும்.

இதே வரிசையில் பெருநகரத் தாள் ஒன்றை எடுத்துப் பாருங்கள். நெருக்கமாக வீடுகள் உள்ள பகுதி முழுவதும் இளஞ்சிவப்பு பூசியிருப்பார்கள். பள்ளி, தேவாலயம் போன்ற சில கட்டடங்கள்தான் தனியாகத் தெரியும். நகரத்தில் பெரிய மாளிகை கட்டியவரின் வீடுகூட அந்தப் பூச்சுக்குள் கரைந்துபோயிருக்கும். கிக்கப்பூ ஓரத்தில் நாலு மாடு வைத்துப் பால் கறந்தவரின் வீடு மட்டும் தனிச் சதுரமாக நிற்கும். நாட்டுப்புறத்து எளிய மனிதர்களுக்கு இத்தனை மரியாதை கொடுத்த அரசு ஆவணம் வேறு அதிகம் கிடையாது. பெயர் இல்லாததைக் குறை சொல்கிறீர்கள், ஆனால் ஆற்றோரத்து வீடுகளை ஒவ்வொன்றாக எண்ணியிருக்கிறதே. 2009க்குப் பிறகு வரும் புதிய தாள்களில் வீடுகளைப் போடுவதே இல்லை. எனக்கு இது பெரிய வருத்தம்.

அந்தத் தாளிலும் இல்லாதவர்கள் உண்டு. சிவப்புக் கட்டம் விழுவதற்கு முன் அது ஹோ-சங்க் என்ற பூர்வகுடி மக்களின் நிலம். அணை நின்றுபோய்க் கால் நூற்றாண்டு கழித்து, 2000இல்தான், கையகப்படுத்திய எட்டாயிரத்து ஐந்நூற்றுச் சொச்சம் ஏக்கரில் 1,200 ஏக்கர் அவர்களுக்கென்று ஒதுக்கப்பட்டது. மீதி மாநிலத்துக்குப் போயிற்று. நீங்கள் பார்த்த காடு அதுதான்.

பெயர்கள் வேண்டுமென்றால் வழி இருக்கிறது. கவுண்டிவாரியாக பிளாட் புத்தகங்கள் வந்திருக்கின்றன. அவற்றில் ஒவ்வொரு செக்‌ஷனிலும் நில உரிமையாளர் பெயர் இருக்கும். விஸ்கான்சின் வரலாற்றுக் கழகத்தின் நூலகம் உங்கள் மேடிசனிலேயே இருக்கிறது. தாளில் டவுன்ஷிப்பையும் செக்‌ஷன் எண்ணையும் குறித்துக்கொண்டு போய், அதே காலத்துப் பிளாட் புத்தகத்தைக் கேளுங்கள். ஒரு மதியம் போதும், உங்கள் சதுரங்கள் பலவற்றுக்கும் பெயர் கிடைத்துவிடும்.

அதன் பிறகு இன்னொரு முறை லா ஃபார்ஜுக்குப் போங்கள். அசல் தாளைக் கொண்டுபோக வேண்டாம், மடிப்பில் கிழிந்துவிடும். அமெரிக்க நிலவியல் அளவைத் துறை பழைய தாள்களை வருடி இணையத்தில் இலவசமாக வைத்திருக்கிறது, அதிலிருந்து அச்செடுத்துக்கொள்ளுங்கள். இலை உதிர்ந்த பிறகு போனால் பழைய அஸ்திவாரக் கல் ஏதாவது கண்ணில் படக்கூடும். நவம்பர் கடைசி என்றால் மான் வேட்டைக் காலம், மறக்காமல் பளிச்சென்ற ஆரஞ்சு நிறச் சட்டை போட்டுக்கொள்ளுங்கள். என்ன பெயர்கள் கிடைத்தன என்று எழுதுங்கள்.

அன்புடன்