பெர்மிட் இல்லாமல் கட்டிய அறைக்கு நோட்டீஸ் வந்தால்: கேள்வி பதில்

அமெரிக்க நகரம் ஒன்றின் கட்டடத் துறையில் வரைபடங்களைச் சரிபார்க்கும் பொறியாளராக 19 ஆண்டுகள் வேலை பார்த்தேன். இப்போது நோட்டீஸ் வந்தவர்களின் பக்கத்தில் உட்கார்ந்து உதவி செய்கிறேன். நம் தமிழ்க் குடும்பங்கள் அனுப்பிய கேள்விகளுக்கு இங்கே பதில் சொல்கிறேன். பெரும்பாலான மாநிலங்களின் வீட்டு விதிகள் ஐ.ஆர்.சி. என்ற மாதிரி விதித்தொகுப்பைத் தழுவியவை. நான் தரும் அளவுகளும் அதிலுள்ளவையே. ஆனால் ஒவ்வோர் ஊரும் அதில் கொஞ்சம் கைவைத்திருக்கும். ஆகவே, எதையும் தொடங்கும் முன் உள்ளூர் அலுவலகத்தில் ஒரு வார்த்தை கேட்டுவிடுங்கள்.

கேள்வி: அக்கா, பதிவுத் தபாலில் நோட்டீஸ் வந்திருக்கிறது. பேஸ்மென்டில் அனுமதி இல்லாமல் இரண்டு அறைகளும் ஒரு குளியலறையும் கட்டியிருக்கிறோமாம். 30 நாட்களுக்குள் சரிசெய்ய வேண்டுமாம். எங்களுக்குக் கையும் ஓடவில்லை, காலும் ஓடவில்லை. முதலில் என்ன செய்வது?

பதில்: முதலில் அந்தக் காகிதத்தை நிதானமாகப் படியுங்கள் தம்பி. அதில் வழக்கு எண், எந்த விதியின் கீழ் குறை, எந்தத் தேதிக்குள் பதில், எந்த அதிகாரி என்ற நான்கும் இருக்கும். தேதியை நாட்காட்டியில் வட்டமிடுங்கள். 30 நாளில் எல்லா வேலையும் முடிந்திருக்க வேண்டும் என்று நினைத்துத்தான் பலரும் கலங்கிப் போகிறார்கள். நான் பார்த்த அலுவலகங்களில், அந்தத் தேதிக்குள் பெர்மிட்டுக்கு விண்ணப்பம் கொடுத்து, வேலை நகர்வதைக் காட்டினாலே அவகாசம் தருவார்கள். ஆனால் அவகாசத்தை எழுத்தில் கேட்க வேண்டும், தேதி முடிவதற்குள் கேட்க வேண்டும். தொலைபேசியில் பேசினாலும், "இன்று இப்படிப் பேசினோம்" என்று அன்று மாலையே ஒரு மின்னஞ்சல் அனுப்பிவிடுங்கள்.

அடுத்தது, எதையும் தொடாதீர்கள். மேற்கொண்டு கட்டாதீர்கள், மூடாதீர்கள், இடிக்கவும் வேண்டாம். ஒரு வீட்டில் பயந்துபோய்ச் சனி, ஞாயிறு இரண்டே நாளில் குளியலறையைப் பெயர்த்து எடுத்துவிட்டார்கள். நான் போய்ப் பார்த்தபோது கழிவுநீர்க் குழாயின் வாயில் ஒரு பழைய துண்டைச் சுருட்டி அடைத்து வைத்திருந்தார்கள். அறை முழுக்கச் சாக்கடை வாயு. அனுமதியின்றி இடித்ததற்கு இரண்டாவது நோட்டீசும் வந்து சேர்ந்தது. முதல் குறையைவிட அதைச் சரிசெய்யத்தான் அவர்களுக்கு அதிகம் செலவானது.

கேள்வி: இன்ஸ்பெக்டர் கதவைத் தட்டினால் உள்ளே விட்டே ஆக வேண்டுமா மேடம்?

பதில்: சட்டப்படி இல்லை. 1967-இல் கமாரா வழக்கில் அமெரிக்க உச்ச நீதிமன்றம் இதைத் தெளிவாகச் சொல்லிவிட்டது: அவசர ஆபத்து இல்லாதபோது, வீட்டுக்காரர் சம்மதிக்காவிட்டால் ஆய்வுக்கு வாரண்ட் வேண்டும். ஆனால் பெர்மிட் வாங்கப் போகிறவர் எப்படியும் ஆய்வுக்கு இடம் கொடுத்துத்தான் ஆக வேண்டும். எனவே வந்த அன்றே திறக்கவும் வேண்டாம், சண்டையும் வேண்டாம். அடையாள அட்டையைப் பாருங்கள், வேறொரு நாள் குறித்துக் கொடுங்கள், நோட்டீசில் சொன்ன இடத்தை மட்டும் காட்டுங்கள். வாடகைக்கு விட்ட வீடு, யாருக்காவது காயம் பட்ட வீடு என்றால் மட்டும் முதலில் வழக்கறிஞரைக் கேட்டுவிட்டுத் திறங்கள்.

கேள்வி: பேஸ்மென்ட் அறையில் ஜன்னல் இருக்கிறது. ஆனாலும் "தப்பிக்கும் வழி போதாது" என்று எழுதியிருக்கிறார்கள். 24 அங்குல உயரம், 20 அங்குல அகலம் போதும் என்று படித்தேனே?

பதில்: இந்த இடத்தில்தான் எல்லோரும் தடுக்கி விழுகிறார்கள். 24, 20 இரண்டும் தனித்தனிக் குறைந்தபட்சங்கள். அவற்றோடு, திறந்த ஜன்னலின் இடைவெளி 5.7 சதுர அடி (ஜன்னல் வெளித் தரைமட்டத்தை ஒட்டியிருந்தால் 5) இருக்க வேண்டும் என்பது மூன்றாவது நிபந்தனை. 24-ஐ 20-ஆல் பெருக்கினால் 480 சதுர அங்குலம், அதாவது வெறும் 3.3 சதுர அடி. 5.7 சதுர அடி கிடைக்க, உயரம் 24 அங்குலம்தான் என்றால் அகலம் 34 அங்குலத்துக்கு மேல் வேண்டும். அகலம் 20 என்றால் உயரம் 41-க்கு மேல். அதுவும் கண்ணாடியின் அளவு அல்ல, ஜன்னலைத் திறந்தபின் உண்மையில் கிடைக்கும் வெளி. ஜன்னலின் கீழ் விளிம்பு தரையிலிருந்து 44 அங்குலத்துக்கு மேல் போகக் கூடாது. வெளியே மண்ணுக்குள் குழி இருந்தால் அது 9 சதுர அடிக்குக் குறையக் கூடாது; 44 அங்குலத்தைவிட ஆழமானால் நிலையான ஏணியும் வேண்டும்.

இதெல்லாம் காகிதக் கணக்கு என்று தயவுசெய்து நினைக்காதீர்கள். படிக்கட்டில் புகை நிறைந்துவிட்டால், உள்ளே தூங்கும் பிள்ளை அந்த ஜன்னல் வழியாகத்தான் வெளியே வர வேண்டும். முதுகில் காற்று உருளையைச் சுமந்த தீயணைப்பு வீரர் அதே வழியாகத்தான் உள்ளே போக வேண்டும். ஒரு சாப்பாட்டு நாற்காலியை அந்த ஜன்னல் வழியாக வெளியே தள்ளிப் பாருங்கள், புரிந்துவிடும்.

ஜன்னலைப் பெரிதாக்க அஸ்திவாரச் சுவரை வெட்ட வேண்டும். அதற்குப் பொறியாளரின் வரைபடம் தேவை. அது முடியாதென்றால், படுக்கையறை அல்லாத அறையாக அனுமதி கேட்கலாம். அலுவலகம் ஏற்றுக்கொள்ளுமா என்பதை முன்கூட்டியே கேளுங்கள். ஆனால் அப்படி வாங்கியபின் அங்கே கட்டில் போடாதீர்கள். விருந்தாளிக்குக்கூட வேண்டாம். படுக்கையறைக்கு உள்ளே ஒன்று, வெளியே ஒன்று, ஒவ்வொரு தளத்திலும் ஒன்று எனப் புகை எச்சரிக்கைக் கருவிகளை இன்றே மாட்டிவிடுங்கள்.

கேள்வி: புதிதாகப் பூசி வண்ணம் அடித்த சுவரைத் திறக்கச் சொல்கிறார் இன்ஸ்பெக்டர். இது அநியாயம் இல்லையா? எலக்ட்ரீஷியன் நன்றாகத்தான் செய்தார்.

பதில்: உங்கள் வருத்தம் புரிகிறது. ஆனால் அவர் கையெழுத்துப் போடப் போவது அந்தச் சுவருக்குள் இருப்பதற்குத்தான். பார்க்காத ஒன்றுக்கு எப்படிக் கையெழுத்துப் போடுவார்?

ஒருமுறை இதேபோல் வாதாடிய வீட்டில், சுவிட்சுக்கு மேலே ஓர் அடி சதுரத்துக்குச் சுவர்ப் பலகையை அறுத்து எடுத்தோம். இரண்டு கம்பிகளை முறுக்கிக் கறுப்பு டேப் சுற்றி, பெட்டி இல்லாமல் அப்படியே உள்ளே விட்டிருந்தார்கள். டேப் இளகி வழிந்திருந்தது. பக்கத்து மரச்சட்டத்தில் உள்ளங்கை அளவுக்குப் பழுப்புக் கறை. அந்த வீட்டு அம்மா அதை விரலால் தொட்டுப் பார்த்துவிட்டு ஒரு வார்த்தையும் பேசவில்லை. கம்பி இணைப்பு எதுவானாலும் பெட்டிக்குள் இருக்க வேண்டும், அந்தப் பெட்டியைச் சுவரை உடைக்காமல் திறக்க முடிய வேண்டும் என்பது இதற்காகத்தான்.

முழுச் சுவரையும் பெயர்க்க வேண்டியதில்லை. வேலை நடந்தபோது எடுத்த புகைப்படங்கள், பொருட்கள் வாங்கிய ரசீதுகள், உரிமம் பெற்ற எலக்ட்ரீஷியன் சோதித்துத் தரும் கடிதம் ஆகியவற்றைத் திரட்டிக்கொண்டு போய், "எந்தெந்த இடத்தில் திறந்தால் போதும், நீங்களே குறித்துக் கொடுங்கள்" என்று கேளுங்கள். பலரும் பென்சிலால் நான்கைந்து சதுரங்கள் வரைந்து கொடுத்துவிடுவார்கள். இந்தப் பலகையும் பூச்சும் வீட்டிலேயே மலிவான பொருட்கள்.

கேள்வி: அக்கா, பின்புறம் 12-க்கு 16 அடியில் நாங்களே டெக் (வெளிப்புற மரத் தளம்) போட்டோம். பிறந்தநாள் விழாவுக்கு 40 பேர் ஏறி நின்றார்கள், ஒன்றும் ஆகவில்லை. இப்போது நோட்டீஸ். இதற்கெல்லாம் பெர்மிட் வேண்டுமா?

பதில்: 200 சதுர அடிக்கு மிகாமல், தரையிலிருந்து 30 அங்குலத்துக்கு மேற்படாமல், வீட்டோடு ஒட்டாமல், வீட்டின் கட்டாய வெளியேறும் வாசலுக்கு முன்னால் இல்லாமல் இருந்தால் ஐ.ஆர்.சி.படி வேண்டாம். நான்கில் ஒன்று தவறினாலும் வேண்டும். உங்களுடையது வீட்டுச் சுவரோடு ஒட்டியது.

கொஞ்சம் கணக்குப் போடுங்கள். டெக்கை ஒரு சதுர அடிக்கு 40 பவுண்ட் பாரம் தாங்கும்படி கட்ட வேண்டும். உங்கள் 192 சதுர அடிக்கு அது 7,680 பவுண்ட். அதில் சுமார் பாதி, வீட்டுச் சுவரில் பதித்த ஒரே ஒரு நீளப் பலகையில் தொங்குகிறது. அந்தப் பலகையை ஆணியால் அடித்திருக்கிறீர்களா, போல்ட் போட்டிருக்கிறீர்களா என்பதுதான் உயிர்நாடி. ஆணி வெளியே இழுக்கும் விசையைத் தாங்காது. கூட்டம் ஒரு பக்கமாகச் சாயும்போது, சத்தம் கேட்ட மறுநொடியே பலகை கழன்று வந்துவிடும். 40 பேரும் பத்திரமாக இறங்கியது எனக்கு ஆறுதலாக இருக்கிறது. நோட்டீஸ் முடியும்வரை அதன்மேல் யாரையும் ஏற்றாதீர்கள்.

நல்ல செய்தி, இது சரிசெய்யக்கூடிய குறை. அரை அங்குல போல்ட்டுகளைப் பின்னாலும் சேர்க்கலாம். தண்ணீர் உள்ளே இறங்காமல் தகடும் வேண்டும். இல்லாவிட்டால் வீட்டுச் சட்டமே உளுத்துப்போகும். தூணின் அடித்தளம் உறைபனி இறங்கும் ஆழத்துக்குக் கீழே போயிருக்கிறதா என்று காட்ட, பக்கத்தில் ஒரு குழி தோண்டினால் போதும். தரையிலிருந்து 30 அங்குலத்துக்கு மேல் என்றால், 36 அங்குல உயரக் கைப்பிடித் தடுப்பு தேவை. அதன் கம்பிகளுக்கிடையே 4 அங்குலப் பந்து நுழையக் கூடாது.

கேள்வி: நாங்கள் கட்டவே இல்லை. முந்தைய உரிமையாளர் கட்டியது. நாங்கள் ஏன் பொறுப்பேற்க வேண்டும்?

பதில்: குறை நிலத்தோடு வருகிறது; யார் கட்டினாலும் இன்றைய உரிமையாளர்தான் தீர்க்க வேண்டும். ஆனால் செலவு முழுவதும் உங்கள் தலையில் விழ வேண்டும் என்பதில்லை. வீடு வாங்கியபோது எடுத்த உரிமைக் காப்பீட்டுப் (டைட்டில் இன்சூரன்ஸ்) பத்திரத்தைத் தேடி எடுங்கள். வீட்டு உரிமையாளருக்கான விரிவான பாலிசி என்றால், பெர்மிட் இல்லாத பழைய கட்டுமானத்தை அகற்றவோ திருத்தவோ கட்டாயப்படுத்தப்பட்டால் ஓர் உச்சவரம்பு வரை பணம் தரும் பிரிவு அதில் இருக்கும். வேலையைத் தொடங்கும் முன்பே அவர்களுக்கு எழுதிவிடுங்கள். விற்றவர் கொடுத்த குறை அறிவிப்புப் படிவத்தையும் வழக்கறிஞரிடம் காட்டுங்கள்.

கேள்வி: "பெர்மிட் எல்லாம் தேவையில்லை" என்று காண்ட்ராக்டர்தான் சொன்னார். இப்போது, "உங்கள் பெயரிலேயே எடுத்துவிடுங்கள்" என்கிறார்.

பதில்: எடுக்காதீர்கள். உரிமையாளரே கட்டுபவர் என்று கையெழுத்திட்டால், அவர் செய்த தவறும் உங்களுடையதாகிவிடும். உரிமம் உள்ளவர் தன் பெயரில் எடுக்கட்டும். மறுத்தால், மாநில உரிம வாரியத்தில் புகார் கொடுங்கள்.

கேள்வி: கலிஃபோர்னியாவில் இருக்கிறோம். ஊரிலிருந்து வரும் அப்பா அம்மாவுக்காக 2017-இல் கராஜைச் சிறு வீடாக மாற்றினோம். இடிக்கச் சொல்லிவிடுவார்களா?

பதில்: உங்களுக்குச் சாதகமான சட்டம் இருக்கிறது. ஏ.பி. 2533, 2025 ஜனவரி 1-இல் நடைமுறைக்கு வந்தது. 2020 ஜனவரி 1-க்கு முன் கட்டிய இத்தகைய துணை வீடுகளுக்கு, இன்றைய கட்டட விதிக்குப் பொருந்தவில்லை என்பதற்காக மட்டும் பெர்மிட்டை மறுக்கக் கூடாது. உடல்நலத்துக்கும் உயிருக்கும் ஆபத்தான குறைகளைத் திருத்தச் சொல்லலாம். விண்ணப்பிக்கும் முன், உரிமம் பெற்ற காண்ட்ராக்டர் ஒருவரைக் கொண்டு இரகசியமாக ஆய்வு செய்துகொள்ளவும் இடமிருக்கிறது. அதை முதலில் செய்யுங்கள். 2017-இல் கட்டியதற்கு மின்கட்டண ரசீது, தேதியுள்ள புகைப்படம் எதுவானாலும் தேடி வையுங்கள்.

கேள்வி: ஃபுளோரிடா. விசாரணைக்குப் போகாமல் இருந்துவிட்டோம். நாளொன்றுக்கு 250 டாலர் அபராதமாம்.

பதில்: உடனே கிளம்புங்கள். அங்கே முதல் குற்றத்துக்கு நாளொன்றுக்கு 250, மீண்டும் செய்தால் 500 டாலர் வரை போடலாம். 50,000 பேருக்கு மேல் வாழும் ஊர்களில் இன்னும் கூடலாம். மூன்று மாதம் சும்மா இருந்தால் 22,500 டாலர். உத்தரவைப் பதிவு செய்துவிட்டால், அது உங்கள் சொத்தின்மேல் கடன் பொறுப்பாக ஏறிவிடும். நீங்கள் குடியிருக்கும் வீட்டை அதற்காக ஏலம் விட முடியாது என்றாலும், விற்கப் போகும்போது அது குறுக்கே நிற்கும். மேல்முறையீட்டுக்கு உத்தரவு தேதியிலிருந்து 30 நாள்தான். வேலை முடிந்த அன்றே மறு ஆய்வுக்கு அழையுங்கள். அதன்பின் அபராதத்தைக் குறைக்கச் சொல்லி மனு கொடுங்கள். உண்மையாகத் திருத்தியவர்களுக்கு வெகுவாகக் குறைத்ததை நான் பார்த்திருக்கிறேன்.

கேள்வி: யார் புகார் கொடுத்தார்கள் என்று கண்டுபிடிக்க முடியுமா? பக்கத்து வீட்டார்மேல்தான் சந்தேகம்.

பதில்: சில மாநிலங்களில் முடியும். வேண்டாம் என்பேன். அவர்களோடுதான் இனியும் வேலியைப் பகிர்ந்துகொள்ளப் போகிறீர்கள்.

கேள்வி: பெர்மிட் வாங்கிவிட்டோம் அக்கா, வேலையும் முடிந்துவிட்டது. இனி கவலை இல்லையே?

பதில்: இறுதி ஆய்வு முடிந்ததா? பெரும்பாலோர் விட்டுவிடுவது அதைத்தான். வேலை தொடங்காமலோ நின்றோ 180 நாட்கள் போனால் பெர்மிட் காலாவதியாகிவிடும் என்பது பொது விதி. பல ஊர்களில் கடைசியாக நடந்த ஆய்விலிருந்து அதைக் கணக்கிடுகிறார்கள். இறுதிக் கையெழுத்து வாங்குங்கள். நோட்டீஸ் பிரிவு பெரும்பாலும் வேறு மேசை. அங்கிருந்து வழக்கு எண் போட்ட "முடிக்கப்பட்டது" கடிதம் தனியாக வாங்குங்கள். சொத்தின்மேல் அபராதம் ஏறியிருந்தால், அதை நீக்கிய பத்திரம் கவுண்டி (மாவட்ட) அலுவலகத்தில் பதிவாகியிருக்கிறதா என்று பாருங்கள். மூன்றையும் வீட்டுப் பத்திரத்தோடு ஒரே உறையில் போட்டு வையுங்கள்.