‘அந்த அழைப்பை நான் எடுக்கவில்லை’

கேள்வி: அன்புள்ள ஐயா, என் தம்பி தன் உயிரை மாய்த்துக்கொண்டு 5 மாதங்கள் ஆகின்றன. அவனுக்கு வயது 26. அன்றிரவு எனக்கு இரண்டு முறை போன் செய்தான். குழந்தையைத் தூங்கவைத்துக்கொண்டிருந்தேன், காலையில் பேசிக்கொள்ளலாம் என்று விட்டுவிட்டேன். காலையில் அவன் இல்லை. எங்கள் சபையில் ஒருவர், “மனந்திரும்பக்கூட நேரமில்லாமல் போனவனுக்குப் பரலோகம் ஏது?” என்று என் அம்மாவிடமே சொன்னார். அன்றிலிருந்து அம்மா ஆலயத்துக்கு வருவதில்லை. என் தம்பி நரகத்தில்தான் இருக்கிறானா? அவனைக் கைவிட்ட என்னைத் தேவன் மன்னிப்பாரா? சில இரவுகளில் நானும் அவனிடமே போய்விடலாம்போல் இருக்கிறது. பெயர் வெளியிட வேண்டாம்.

பதில்: அன்புச் சகோதரி, நீங்கள் கேட்டிருப்பவை இரண்டு கேள்விகள். ஆனால் நான் முதலில் பதில் சொல்ல வேண்டியது கேள்விக்குறி இல்லாத அந்தக் கடைசி வரிக்குத்தான்.

இந்தப் பக்கத்தை அப்படியே கவிழ்த்து வைத்துவிட்டு, உங்களுக்கு நெருக்கமான ஒருவரிடம் போய், “எனக்குச் சாக வேண்டும்போல் தோன்றுகிறது” என்று இதே சொற்களில் சொல்லுங்கள். ‘மனசு சரியில்லை’ என்று மட்டும் சொன்னால் கேட்பவர் தலைவலி என்று நினைத்துக்கொள்வார். இந்த வாரமே ஒரு மனநல மருத்துவரைப் பாருங்கள். அந்த எண்ணம் அழுத்தும் இரவில் தனியாக இருக்காதீர்கள். யாரையாவது எழுப்பி, அந்த நேரத்திலேயே மருத்துவமனைக்கு அழைத்துப் போகச் சொல்லுங்கள். மாத்திரை சாப்பிடுவது விசுவாசக் குறைவு என்று எவராவது சொன்னால் நம்ப வேண்டாம். தீர்க்கதரிசி எலியா சூரைச்செடியின் கீழ் உட்கார்ந்து, “போதும் கர்த்தாவே, என் ஆத்துமாவை எடுத்துக்கொள்ளும்” என்று கேட்டபோது தேவன் அவரைக் கடிந்துகொள்ளவில்லை. தூங்கவிட்டார். பிறகு தழலில் சுட்ட அடையும் ஒரு பாத்திரம் தண்ணீரும் தலைமாட்டில் இருந்தன. தின்றார், குடித்தார், மறுபடியும் படுத்துக்கொண்டார். தூதன் இரண்டாம் முறையும் தட்டியெழுப்பிச் சாப்பிடத்தான் சொன்னான். ‘நீ இங்கே என்ன செய்கிறாய்?’ என்று தேவன் கேட்டது அதற்கெல்லாம் வெகுநாள் கழித்து. சோர்ந்த உடம்பைக் கவனித்த பிறகே அவர் பேசினார்.

இனி உங்கள் தம்பி. சவுல், அவனுடைய ஆயுததாரி, அகித்தோப்பேல், சிம்ரி, யூதாஸ் என்று தம் உயிரைத் தாமே முடித்துக்கொண்டவர்கள் சிலரை வேதாகமம் காட்டுகிறது. அந்தச் செயலை அது எங்கும் மெச்சவில்லை. ஆனால் மன்னிக்கப்பட முடியாத பாவம் இதுதான் என்று ஓரிடத்திலும் சொல்லவில்லை. அகித்தோப்பேல் தன் தகப்பனின் கல்லறையிலேயே அடக்கம்பண்ணப்பட்டான். சவுலின் உடலை மீட்க யாபேஸ் ஊரார் இரவு முழுவதும் நடந்துபோனார்கள். அடக்கம் செய்து, 7 நாள் உபவாசம் இருந்தார்கள். ‘கொலை செய்யாதிருப்பாயாக’ என்ற கட்டளை தன்னைத் தானே கொல்வதற்கும் பொருந்தும் என்று 5ஆம் நூற்றாண்டில் திருச்சபையின் ஆசான் அகுஸ்தீன் எழுதினார், அது சரிதான். பின்னாளில் திருச்சபை அதைப் பிடித்துக்கொண்டு, இப்படி இறந்தவர்களுக்கு அடக்க ஆராதனையே கிடையாது என்று கதவைச் சாத்தியது, பல நூற்றாண்டுகள். சீர்திருத்தவாதி மார்ட்டின் லூத்தருக்கு அந்த முடிவில் உடன்பாடில்லை. காட்டில் கள்ளனிடம் அகப்பட்டு உயிரிழந்தவனோடு ஒப்பிட்டு, இவர்கள் எல்லாரும் கெட்டுப்போனார்கள் என்று தாம் தீர்ப்பதில்லை என்றார். கத்தோலிக்கத் திருச்சபையும் 1983ஆம் ஆண்டுச் சட்டத்தொகுப்பில் அந்தப் பழைய தடையை விட்டுவிட்டது. கடுமையான மனநோயும் வேதனையும் ஒருவருடைய பொறுப்பைக் குறைக்கும், அவர்களுடைய மீட்பைக் குறித்து நம்பிக்கை இழக்கக் கூடாது என்று 1992இல் வெளிவந்த அதன் மறைக்கல்வி நூல் சொல்கிறது.

‘மனந்திரும்ப நேரமில்லை’ என்றாரே, அவரிடம் நான் கேட்க விரும்புவது ஒன்று. தூக்கத்தில் இறக்கும் விசுவாசி கடைசிப் பாவத்தை எப்போது அறிக்கையிடுகிறார்? நாம் கணக்கை முடித்துவிட்டா சாகிறோம்? நாம் தேவனைப் பிடித்திருக்கும் பிடி தளரும்போதும் அவர் நம்மைப் பிடித்திருக்கும் பிடி தளர்வதில்லை என்பதுதானே நற்செய்தி! மரணமானாலும் தேவனுடைய அன்பைவிட்டு நம்மைப் பிரிக்கமாட்டாது என்று பவுல் எழுதினார். உங்கள் தம்பியின் நியாயாதிபதி அவனுக்காகச் சிலுவையில் இரத்தம் சிந்தியவர். அவனை அவர் கையில் விட்டுவிடலாம்.

இப்படி எழுதும்போதே எனக்குப் பயமாகவும் இருக்கிறது. நான் சொன்னதை நீங்கள் உங்களுக்கான கதவாக எடுத்துக்கொள்ளக் கூடாது. தம்பிக்காகச் சொன்ன ஆறுதல் இது. உங்களைப் பற்றித் தேவன் என்ன நினைக்கிறார் என்பதில் எனக்குத் துளியும் சந்தேகமில்லை: நீங்கள் வாழ வேண்டும்.

ஊழியத்துக்கு வந்த புதிதில், இதே விதமாக இறந்த ஓர் இளைஞனின் அடக்க ஆராதனையை நடத்தினேன். மற்ற வாலிபர்களை எச்சரிக்கிறேன் என்று நினைத்துக்கொண்டு நியாயத்தீர்ப்பைப் பற்றிப் பேசினேன். அந்தத் தாயின் கையில் மகனுடைய மூக்குக்கண்ணாடி இருந்தது. அதை உறையிலிருந்து எடுப்பதும் புடவைத் தலைப்பால் துடைப்பதும் மறுபடியும் உறையில் வைப்பதுமாக இருந்தார். நான் பேசப் பேச, கை ஓரிடத்தில் நின்றுவிட்டது. பிறகு கண்ணாடியை உறைக்குள் வைத்து மூடினார். எழுந்து வெளியே போய்விட்டார். மன்னிப்புக் கேட்க அவர் வீட்டுக்குப் போவதற்கு எனக்கு 3 வருடங்கள் ஆயின. உங்கள் அம்மாவைப் பற்றிய வரியைப் படித்ததும் அந்தக் கண்ணாடி உறைதான் நினைவுக்கு வந்தது. ஆகவே, அந்தச் சபையாருக்காகவும் எனக்காகவும் உங்கள் அம்மாவிடம் மன்னிப்புக் கேட்கிறேன். படித்துக் காட்டுங்கள்.

அந்த இரண்டு அழைப்புகளுக்கு வருகிறேன். விடிந்தபின் தெரிந்ததை வைத்துக்கொண்டு முந்தின இரவின் உங்களுக்குத் தண்டனை கொடுக்கிறீர்கள். அன்றிரவு உங்களுக்குத் தெரிந்ததெல்லாம், குழந்தை தூங்க வேண்டும், தம்பியோடு காலையில் பேச வேண்டும் என்பதுதான். ‘காலையில் பேசிக்கொள்ளலாம்’ என்று நினைத்தவர் கைவிட்டவரா? இப்படிப்பட்ட மரணத்துக்குப் பின்னால் வெகுநாளாகச் சேர்ந்த பல பாரங்கள் இருக்கும். எடுக்காத ஒரு போன் அத்தனைக்கும் காரணமாகிவிடாது. எடுத்திருந்தால் என்ன ஆகியிருக்கும் என்பது உங்களுக்கும் தெரியாது, எனக்கும் தெரியாது. அந்தத் தெரியாமையோடுதான் நீங்கள் அழ வேண்டியிருக்கிறது; அழுங்கள். ஆனால் அதற்குக் கொலைப்பழி என்று பெயர் வைக்காதீர்கள். “நம்முடைய இருதயமே நம்மைக் குற்றவாளிகளாகத் தீர்க்குமானால், தேவன் நம்முடைய இருதயத்திலும் பெரியவராயிருந்து சகலத்தையும் அறிந்திருக்கிறார்” என்று யோவான் எழுதுகிறார். ‘சகலத்தையும்’ என்பதில் நீங்கள் குழந்தையைத் தட்டிக்கொண்டிருந்ததும் அடங்கும்.

இயேசுவைக் காட்டிக்கொடுத்த யூதாஸின் கதையில் என்னை எப்போதும் உறுத்துவது ஆசாரியர்கள் சொன்ன பதில். “பாவஞ்செய்தேன்” என்று அவன் அவர்களிடம்தான் முதலில் வந்தான். பாவ அறிக்கையைக் கேட்பதே தொழிலாக உள்ளவர்கள் அவர்கள். “எங்களுக்கென்ன, அது உன்பாடு” என்று சொல்லி அனுப்பிவிட்டார்கள். பிலிப்பி நகரத்துச் சிறைச்சாலையில் நடந்தது வேறு. பூமியதிர்ச்சியில் கதவுகள் திறந்து கிடந்ததைக் கண்டு, கைதிகள் தப்பிவிட்டார்கள் என்று எண்ணித் தன்னைக் கொலைசெய்துகொள்ளப் போனான் சிறைச்சாலைக்காரன். இருட்டுக்குள்ளிருந்து பவுல் மிகுந்த சத்தமிட்டு, “நீ உனக்குக் கெடுதி ஒன்றும் செய்துகொள்ளாதே, நாங்கள் எல்லாரும் இங்கேதான் இருக்கிறோம்” என்றார். அடிபட்டு, சற்றுமுன்வரை கால்கள் தொழுமரத்தில் மாட்டப்பட்டுக் கிடந்தவர், தம்மைப் பூட்டியவனுக்காகக் கத்தினார். விசுவாசம், இரட்சிப்பு என்ற பேச்செல்லாம் அதற்குப் பிறகுதான் வந்தது.

உங்களுக்கு ‘அது உன்பாடு’ என்று சொன்ன குரல் ஒன்றுதான் இதுவரை கேட்டிருக்கிறது. அந்தச் சபையிலேயே வேறு குரலும் இருக்கும். இல்லையென்றால் வேறு ஆலயத்தில் இருக்கும். நானும் இங்கேதான் இருக்கிறேன். இன்று யாரிடம் சொன்னீர்கள், எந்த நாளில் மருத்துவரைப் பார்க்கப் போகிறீர்கள் என்று இரண்டே வரி எழுதி இந்த முகவரிக்கே அனுப்புங்கள். அதை இதழில் வெளியிடமாட்டேன். வரும்வரை எதிர்பார்த்திருப்பேன்.