பலகையில் தொலைந்த ‘எஸ்’: ஆங்கில இலக்கணக் கேள்வி-பதில்

இந்த முறை வந்த கடிதங்களில் பாதிக்கு மேல் கம்பேரட்டிவ் (‘அதைவிடப் பெரியது’), சூப்பர்லேட்டிவ் (‘எல்லாவற்றிலும் பெரியது’) பற்றியவை. நேராகப் பதிலுக்குப் போகிறேன்.

கேள்வி: பனியன் கம்பெனியில் வேலை செய்கிறேன். இந்த முறை நூல் இன்னும் மெல்லியது என்று சொல்ல, ‘மோர் ஃபைனர்’ என்று சரக்கு வாங்குபவருக்கு எழுதலாமா? (திருப்பூர்)

பதில்: கூடாது. ‘ஃபைனர்’ என்ற சொல்லுக்குள்ளேயே அந்த ‘இன்னும்’ இருக்கிறது. கவுண்ட் எண் கூடக்கூட நூல் மெல்லியது; 30 கவுண்ட் நூலைவிட 40 கவுண்ட் ‘ஃபைனர்’, அவ்வளவுதான். அழுத்தம் வேண்டுமென்றால் ‘மச் ஃபைனர்’, வித்தியாசம் சிறிதென்றால் ‘ஸ்லைட்லி ஃபைனர்’. ‘வெரி ஃபைனர்’ என்று எழுதவே எழுதாதீர்கள்.

கேள்வி: ஈரோடு மஞ்சளுக்கு 2019-இல் புவிசார் குறியீடு கிடைத்ததைப் பற்றிக் கட்டுரை எழுதினேன். ‘மோர் சுப்பீரியர் தேன்’ என்பதை ஆசிரியர் அடித்துவிட்டார். ஏன்? (ஈரோடு)

பதில்: ‘சுப்பீரியர் டு’ என்றுதான் வரும். ‘சீனியர்’, ‘ஜூனியர்’, ‘இன்ஃபீரியர்’ எல்லாம் லத்தீனிலிருந்து வந்த அதே குடும்பம். இவற்றுக்கு ‘மோர்’ வேண்டாம், ‘தேன்’ வேண்டாம்.

கேள்வி: நான் எழுதியது சரியா, தவறா? உடனே பதில் தேவை. (கரூர்)

பதில்: எதை எழுதினீர்கள்? கடிதத்தில் வாக்கியமே இல்லை. முழு வாக்கியத்தையும் எழுதி அனுப்புங்கள் என்று எத்தனை முறை சொல்வது!

கேள்வி: எங்கள் ஊரில் திறக்கவிருக்கும் பள்ளிக்குப் பெயர்ப்பலகை எழுதுகிறேன். ‘ஒன் ஆஃப் தி பெஸ்ட் ஸ்கூல் இன் கொங்கு ரீஜன்’ என்று எழுதிக் கொடுத்திருக்கிறார்கள். அப்படியே எழுதலாமா? (கோபிசெட்டிபாளையம்)

பதில்: எழுதாதீர்கள். ‘ஸ்கூல்’ அல்ல, ‘ஸ்கூல்ஸ்’. தூரிகையை எடுப்பதற்கு முன்பே கேட்டதற்கு உங்களுக்கு என் மனமார்ந்த நன்றி.

அவிநாசி சாலையில் பஸ்ஸில் போகும்போதெல்லாம் ஜன்னலோரம் உட்கார்ந்து பலகைகளைப் படித்துக்கொண்டே வருவேன். பள்ளி, ஜவுளிக்கடை, கல்யாண மண்டபம், எதுவானாலும் ‘ஒன் ஆஃப் தி பெஸ்ட்’ வந்துவிட்டால் அடுத்த சொல்லில் ‘எஸ்’ தொலைந்துபோகிறது. ஒருமுறை மனம் பொறுக்காமல் ஒரு பள்ளி அலுவலகத்துக்கே போய்ச் சொன்னேன். “படிக்கிறவர்களுக்குப் புரிந்தால் போதாதா?” என்று கேட்டார்கள். போதாது. அந்தப் பலகையின் கீழ்தான் நூற்றுக்கணக்கான பிள்ளைகள் தினமும் நுழைகிறார்கள். வகுப்பில் மூன்று மாதம் திருத்தியதை வாசலில் இருக்கும் பலகை அழித்துவிடுகிறது.

தமிழ் வழியில் படித்ததால் வரும் பிழை என்று சிலர் சொல்லும்போது எனக்குக் கோபம் வருகிறது. ‘சிறந்த பள்ளியில் ஒன்று’ என்று தமிழில் யாராவது சொல்வார்களா? ‘சிறந்த பள்ளிகளில் ஒன்று’ என்றுதானே சொல்கிறோம்! பலவற்றிலிருந்து ஒன்றைப் பிரித்துக் காட்டுகிறோம் என்பது தமிழ் பேசும் குழந்தைக்கும் தெரியும். ‘ஒன்’ என்று எழுதியதும் கை ஒருமைக்குத் தாவிவிடுகிறது, அதுதான் காரணம். எழுதுவதற்கு முன் எண்ணுங்கள்: எத்தனை பள்ளிகளுக்குள் ஒன்று? ஆனால் வினைச்சொல் அந்த ஒன்றையே சேரும் என்பதால் ‘இஸ்’ வரும், ‘ஆர்’ வராது.

கேள்வி: ‘தொட்டபெட்டா இஸ் ஹையர் தேன் எனி பீக் இன் தமிழ்நாடு.’ இதில் என்ன பிழை? (மேட்டுப்பாளையம்)

பதில்: நல்ல கேள்வி. 2,637 மீட்டர் உயரமுள்ள தொட்டபெட்டாவும் தமிழ்நாட்டுச் சிகரம்தான். ‘எனி பீக்’ என்றால் அது தன்னையும்விட உயரம் என்றாகிவிடும். ‘எனி அதர் பீக்’ என்று எழுதுங்கள். ஆனைமுடி ஏறத்தாழ 2,700 மீட்டர், கேரளத்தில் இருக்கிறது. அதைத் தமிழ்நாட்டுச் சிகரங்களோடு ஒப்பிட்டால் ‘எனி பீக்’ என்பதே சரி, ‘அதர்’ வரக்கூடாது. ஒப்பிடும் கூட்டத்துக்குள் இருந்தால் ‘அதர்’, வெளியே இருந்தால் இல்லை.

கேள்வி: ‘கோவையின் மக்கள்தொகை ஈரோட்டைவிட அதிகம்’ என்பதை ஆங்கிலத்தில் எப்படிச் சொல்வது? (பெருந்துறை)

பதில்: 2011 கணக்கெடுப்பில், சுற்றுப்புறங்களையும் சேர்த்து, கோவைக்கு 21 லட்சம், ஈரோட்டுக்கு 5 லட்சம். ‘லார்ஜர் தேன் ஈரோடு’ என்றால் மக்கள்தொகையை ஊரோடு ஒப்பிடுவதாகும். தமிழ் அதைப் பொறுத்துக்கொள்ளும். ஆங்கிலத்தில் ‘லார்ஜர் தேன் தட் ஆஃப் ஈரோடு’ என்று எழுத வேண்டும்.

கேள்வி: ‘மோர் கிளெவர்’ என்று எழுதியதற்கு மகனுக்கு ஒரு மதிப்பெண் போய்விட்டது. (தாராபுரம்)

பதில்: ‘கிளெவரர்’, ‘மோர் கிளெவர்’ இரண்டும் சரி. ஆசிரியரிடம் அகராதியைக் காட்டிப் பணிவாகக் கேளுங்கள்.

கேள்வி: அப்பிச்சி (அம்மாவின் அப்பா) அப்பாருவைவிட (அப்பாவின் அப்பாவைவிட) மூத்தவர். ‘எல்டர் தேன்’ சரிதானே? என் இரண்டு மகள்களில் பெரியவளை ‘எல்டஸ்ட்’ என்கிறேன், அதுவும் சரிதானே? (காங்கேயம்)

பதில்: இரண்டும் தவறு. ‘தேன்’ வந்தால் ‘ஓல்டர்’. மகள்கள் இருவர் என்பதால் பெரியவள் ‘எல்டர்’. ‘எல்டஸ்ட்’ என்று சொல்ல மூன்று பேராவது இருக்க வேண்டும். எழுதுவதற்கு முன் எண்ணுங்கள்.