ஆடம்பர வரி யார் தலையில் விழுகிறது? லிபர்டேரியன் (தனிமனித சுதந்திரமே முக்கியம், அரசின் தலையீடு குறைவாக இருக்க வேண்டும் என்பவர்) பார்வையில் கேள்வி பதில்

கேள்வி: படகும் வைரமும் வாங்குகிறவரிடம் கூடுதலாக வரி வாங்கினால் ஏழைக்கு என்ன நஷ்டம்? இதைக்கூடவா எதிர்ப்பீர்கள்?

பதில்: ஆமாம். வரியைக் கட்டுகிறவர் ஒருவர், சுமக்கிறவர் இன்னொருவர் என்று ஆகிவிடுகிறது. அமெரிக்காவில் 1991 ஜனவரியில் ஆடம்பர வரி அமலுக்கு வந்தது. படகுக்கு 1,00,000 டாலர், காருக்கு 30,000, நகைக்கு 10,000 என்று வரம்பு வைத்து, அதற்கு மேல் போகும் தொகைக்கு 10 சதவீதம் வரி. 3,00,000 டாலர் படகு என்றால் வரி மட்டும் 20,000. பணக்காரர் என்ன செய்வார்? வாங்குவதைத் தள்ளிப்போடுவார். இல்லையென்றால் பழைய படகாகப் பார்ப்பார், ஏனென்றால் முதல் விற்பனைக்கு மட்டும்தான் இந்த வரி. அவருக்குப் போனது ஒரு கோடைக்கால உல்லாசம். படகுக் கூடத்தில் பலகை இழைப்பவருக்கும் பெயின்ட் அடிப்பவருக்கும் போனது வேலை. அந்தச் சமயத்தில் பொருளாதார மந்தமும் இருந்தது, எல்லாப் பழியையும் வரிமேல் போடுவது நியாயமில்லை. ஆனாலும் 1993-லேயே காரைத் தவிர மற்ற எல்லாவற்றுக்கும் இந்த வரியை நீக்கிவிட்டார்கள். கார் வரியும் படிப்படியாகக் குறைந்து 2002-உடன் முடிந்தது.

கேள்வி: வாங்காமல் தப்பிக்கவே முடியாத பொருளாகப் பார்த்து வரி போட்டால்?

பதில்: இங்கிலாந்தில் அதையும் செய்து பார்த்தார்கள். பெரிய வீட்டுக்காரரிடம் வாங்குவதற்காக 1696-இல் ஜன்னல் வரி போட்டார்கள். ஜன்னல்களை எண்ணி வரி. வீட்டுக்காரர்கள் செங்கல் வைத்து ஜன்னலை அடைத்தார்கள். பல குடும்பங்கள் வாடகைக்கு இருந்த கட்டடமும் ஒரே வீடாகக் கணக்கானதால், காற்றும் வெளிச்சமும் இல்லாமல் அவதிப்பட்டது உள்ளே இருந்த ஏழைகள்தான். அது ஒழிய 1851 வரை காத்திருக்க வேண்டியிருந்தது.

கேள்வி: வரி என்றாலே திருட்டு என்கிறீர்களே, போலீசுக்கும் நீதிமன்றத்துக்கும் யார் பணம் தருவது?

பதில்: எங்களுக்குள் இதில் ஒரே கருத்து கிடையாது. எல்லா வரியும் திருட்டுதான் என்றவர் பொருளாதார அறிஞர் ரோத்பார்ட். தத்துவ அறிஞர் நோசிக் காவல், நீதி, பாதுகாப்பு மட்டும் உள்ள சிறிய அரசை ஏற்றார். இன்னொரு பொருளாதார அறிஞர் ஹயெக்குக்கு அரசு உதவிகளில் அவ்வளவு வெறுப்பில்லை. தாங்கள் கட்டப்போகாத உயர்ந்த விகிதத்தைப் பெரும்பான்மையினர் சிறுபான்மையினர்மேல் சுமத்துவதுதான் அவருக்குப் பிடிக்கவில்லை. நான் ஹயெக் பக்கம்.

கேள்வி: அப்படியானால் எந்த வரிதான் பரவாயில்லை?

பதில்: நிலத்தின் மதிப்புக்குப் போடும் வரி. கட்டடத்துக்கு அல்ல, வெறும் மனைக்கு. வரி போட்டால் படகு செய்வது குறையும், நிலம் குறையாது. பொருளாதார அறிஞர் மில்டன் ஃபிரீட்மனும் இருப்பதிலேயே கெடுதல் குறைந்த வரி இதுதான் என்றார்.

கேள்வி: சம்பளத்துக்கு வரி போடுவதைக் கட்டாய உழைப்போடு நோசிக் ஒப்பிட்டது ரொம்ப அதிகம் இல்லையா?

பதில்: எனக்கும் முதலில் அப்படித்தான் பட்டது. அப்புறம் அவர் காட்டும் இரண்டு பேரை நினைத்துப் பார்த்தேன். ஒருவருக்குச் சூரிய அஸ்தமனம் பார்த்தாலே போதும், அதற்காகக் கூடுதலாக உழைக்க வேண்டியதில்லை, வரியும் இல்லை. இன்னொருவருக்கு சினிமா பிடிக்கும். டிக்கெட்டுக்காகக் கூடுதலாக உழைக்கிறார், அந்தக் கூலியில் அரசு பங்கு கேட்கிறது. இருவரும் தேடியது சந்தோஷம்தான். இரண்டாமவர்மேல் மட்டும் ஏன் இந்தக் கடமை? ஆடம்பர வரியை ஆதரிக்கும் நண்பர்களிடம் இதைத்தான் நான் திரும்பத் திரும்பக் கேட்கிறேன்.